முறுக்குக்கு ஏற்ற குண்டு

அன்புள்ள மருமகனே,

நீ அனுப்பிய இலக்குத் தாளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 100 கெஜத்தில் ஐந்து துளைகள் அரையடி அகலத்துக்குச் சிதறியிருக்கின்றன. உன் கைதான் சரியில்லை என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டாய். போதாக்குறைக்குப் புது ஸ்கோப் வேறு வாங்கப் போகிறாயாம். பணத்தை எடுத்து உள்ளே வை. அந்தத் துளைகளில் இரண்டு வட்டமாக இல்லை, நீளவாக்கில் கிழிந்திருக்கின்றன. குண்டு மூக்கை முன்னே வைத்து வரவில்லை, பக்கவாட்டில் புரண்டு வந்திருக்கிறது. கை நடுங்கினால் துளை இடம் மாறுமே தவிர வடிவம் மாறாது.

நீ வாங்கியிருப்பது பழைய .223 போல்ட் ரைஃபிள். அந்தக் காலத்துக் குழல்கள் பலவற்றில் உட்பள்ளங்களின் முறுக்கு 1:12. அதாவது, 12 அங்குலம் நகர்வதற்குள் குண்டு ஒரு முழுச் சுற்று சுற்றும். அதில் நீ போட்டது 77 கிரெயின் எடைக் குண்டுள்ள தோட்டா. காற்றில் குறைவாக விலகும் என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். ஆனால் எந்தக் குழலுக்கு என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

பறக்கும் குண்டின் முன்பகுதியைக் காற்று தள்ளிக் கவிழ்க்கப் பார்க்கிறது. அதன் எடை மையமோ பின்னால் இருக்கிறது. சுழற்சி இருக்கும்வரை பம்பரம் விழாமல் நிற்பதுபோல், போதிய சுழற்சி இருந்தால்தான் குண்டும் நேராக நிற்கும். குண்டு நீளமாக நீளமாக, கவிழ்க்கும் விசையும் கூடும். அதற்கு ஈடுகொடுக்க இன்னும் நெருக்கமான முறுக்கு வேண்டும். எல்லோரும் எடையைச் சொல்லிப் பேசுகிறார்கள், பெட்டியில் அச்சடித்திருப்பதும் எடைதான். உண்மையில் கணக்குக்கு வேண்டியது நீளம். ஈயமே இல்லாமல் முழுக்கச் செம்பில் செய்த 55 கிரெயின் குண்டு, ஈயம் உள்ள 55 கிரெயினைவிட நீளமாக இருக்கும். எடை ஒன்றுதான், தேவைப்படும் முறுக்கு வேறு.

வுல்விச் பீரங்கிக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த கிரீன்ஹில் 1879-இல் தந்த சூத்திரம் இன்றும் முதல் சோதனைக்குப் போதும். குண்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வர்க்கமாக்கு. 150-ஆல் பெருக்கி நீளத்தால் வகு. உன்னுடையதுபோல வேகம் கூடிய தோட்டாவுக்கு 150-க்குப் பதில் 180. விட்டம் 0.224. சாதாரண 55 கிரெயின் குண்டின் நீளம் ஏறத்தாழ 0.74 அங்குலம்; விடை 12-ஐ ஒட்டி வரும். 77 கிரெயின் குண்டு ஏறத்தாழ 1 அங்குலம்; விடை 9. உன் குழலோ 12. இன்று அந்தக் குண்டுக்கு 1:8 குழலைத்தான் சொல்கிறார்கள், அதுவே நிம்மதி.

பெரிய கம்பெனிகளுக்கே இந்தக் கணக்கு பாடம் கற்பித்திருக்கிறது. 1955-இல் .243 வின்செஸ்டரும் .244 ரெமிங்டனும் சந்தைக்கு வந்தன. குண்டின் விட்டம் இரண்டுக்கும் ஒன்றே. ரெமிங்டன் தோட்டாவில் மருந்து கொள்ளும் இடம் சற்று அதிகம்கூட. ஆனால் சிறு விலங்குகளை மனத்தில் வைத்து அதற்கு 1:12 முறுக்குக் கொடுத்தார்கள். மானுக்கு 100 கிரெயின் கேட்ட வேட்டைக்காரர்கள் 1:10 முறுக்குள்ள வின்செஸ்டர் பக்கம் போய்விட்டார்கள். பிறகு ரெமிங்டன் முறுக்கை 1:9 ஆக்கியது. 1963-இல் 6 எம்எம் ரெமிங்டன் என்று புதுப் பெயரும் வைத்தது. போன வாடிக்கையாளர்கள் திரும்பவில்லை. நல்ல தோட்டா அது. எனக்கு இன்றும் அதை நினைத்தால் வருத்தம்தான்.

குளிரையும் கணக்கில் கொள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, குண்டை இன்னும் பலமாகக் கவிழ்க்கும். அமெரிக்க ராணுவ ரைஃபிளான எம்16-இன் ஆரம்பக் குழல்களில் முறுக்கு 1:14. கடுங்குளிரில் சோதித்தபோது அது போதவில்லை என்று தெரிந்து, 1960களின் தொடக்கத்திலேயே 1:12 ஆக்கினார்கள். பிறகு வந்த எம்16ஏ2-வுக்கு 1:7. அதில் போகும் நீண்ட ஒளிரும் குண்டுக்கு அவ்வளவு தேவைப்பட்டது.

இனி நீ செய்ய வேண்டியது. துப்பாக்கி காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, போல்ட்டைக் கழற்றி வை. துடைக்கும் கம்பியில் இறுக்கமான துணியைச் செருகிக் குழலுக்குள் தள்ளு. கைப்பிடி தானாகச் சுழலும் கம்பியாக இருக்க வேண்டும். கம்பியின் மேல்பக்கம் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு ஒரு சுற்று சுற்றி மறுபடி மேலே வரும்வரை எத்தனை அங்குலம் நகர்கிறது என்று அள. அதுதான் உன் முறுக்கு. யார் சொன்னதையும் நம்பாதே, அளந்து பார்.

பிறகு 55 கிரெயினில் ஐந்து ஐந்தாகச் சுடு. மூன்று துளைகளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. துளைகள் வட்டமாக இருந்தும் பரவல் குறையவில்லை என்றால் மட்டும் மற்றவற்றைத் தேடு: கட்டையை இறுக்கும் திருகுகள், ஸ்கோப் வளையத் திருகுகள், குழல் வாய் விளிம்பில் அடிபட்ட வடு, உள்ளே படிந்த செம்பு. ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே இழுத்துப் பார். தடங்கினால் குழல் எங்கோ உரசுகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது நோய் எது மருந்து என்று தெரியாது.

மிச்சமிருக்கும் 77 கிரெயின் பெட்டிகளை உன் கிளப்பில் 1:8 குழல் வைத்திருப்பவர் யாருக்காவது கொடுத்துவிடு. அளந்த முறுக்கை எழுது.

அன்புடன்,
மாமா