தரவு போதுமா? – போட்டித் தேர்வுகளில் ஒரு தனிவகை வினா

திருவனந்தபுரத்தின் கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய இராஜா கேசவதாஸ் காலத்தில் உருவானது. அரிசியும் பருப்பும் பலசரக்கும் வந்து குவியும் இவ்வங்காடியில் தமிழ் வணிகக் குடும்பங்கள் பல தலைமுறைகளாகத் தொழில் நடத்தி வருகின்றன. இங்குள்ள கிடங்கு ஒன்றில் அரிசி இருப்பு எத்தனை நாளுக்குப் போதும் என்று வழங்கல்துறை அலுவலர் ஒருவர் அறிய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். நாள்தோறும் 40 மூட்டை வருகிறது. 65 மூட்டை விற்பனையாகிறது. இவ்விரு செய்திகளே அவரிடம் உள்ளன.

கழித்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 25 மூட்டை குறைவது தெரியும். ஆனால் தொடக்க இருப்பு எவ்வளவு என்பது சொல்லப்படவில்லை. எனவே இரு செய்திகளையும் சேர்த்தாலும் விடை கிட்டாது. கேள்வியைச் சற்றே மாற்றி, 'இருப்பு குறைந்து வருகிறதா?' என்று கேட்டால், அதே இரு செய்திகள் முற்றிலும் போதுமானவை ஆகிவிடுகின்றன. தரவு போதுமா என்பது தரவை மட்டும் பொறுத்ததன்று. கேட்கப்பட்ட கேள்வியைப் பொறுத்தது. வெளியிலிருந்து வரும் அரிசியையே பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூருக்கு, 1942இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டு அங்கிருந்து அரிசி வரத்து நின்றபோது, இது ஏட்டுக் கணக்காக இருக்கவில்லை.

மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2011ஆம் ஆண்டு குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில் திறனறித் தாளைப் புகுத்தியபோது, அதன் பாடத்திட்டத்தில் தரவுப் போதுமையும் பெயர் சுட்டி இடம்பெற்றது. வங்கித் தேர்வுகளிலும் இவ்வகை வினாக்கள் நெடுநாளாக வழக்கில் உள்ளன. ஒரு கேள்வியும் அதன்கீழ் இரு கூற்றுகளும் தரப்படும். கேள்விக்கு விடை காணுமாறு தேர்வர் பணிக்கப்படுவதில்லை. முதற் கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, தனித்தனியே எதுவும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, சேர்ந்தாலும் போதாதா என்று தீர்ப்பளிப்பதே அவர் வேலை. கணக்கில் வல்லவர்கள் பலர் இங்கே தடுமாறுவதற்குக் காரணம், பள்ளிப் பருவம் முதல் விடையைக் கண்டுபிடித்தே பழகிய கை, வழி தெரிந்தவுடன் நிற்க மறுப்பதுதான்.

ஓர் எளிய எடுத்துக்காட்டு: ஒரு மூட்டைச் சரக்கில் வணிகர் பெற்ற இலாபம் எத்தனை விழுக்காடு? முதற் கூற்று: விற்பனை விலை, கொள்முதல் விலையைப் போல் 5/4 மடங்கு. இரண்டாம் கூற்று: இலாபம் 250 ரூபாய். முதற் கூற்றிலிருந்தே 25 விழுக்காடு என்பது கிடைத்துவிடும். ரூபாய்க் கணக்கு ஒன்றும் இல்லையே என்று ஐயுற்று இரண்டாவதையும் சேர்த்துக்கொள்பவர், கொள்முதல் விலை 1,000 ரூபாய் என்பதையும் கண்டுபிடித்து மகிழலாம். அதை எவரும் கேட்கவில்லை.

அடுத்தது சற்று நுட்பமானது. மஞ்சள் பொட்டலம் ஒன்று 30 ரூபாய், மிளகுப் பொட்டலம் ஒன்று 70 ரூபாய். இவ்விரண்டை மட்டும் வாங்கிய ஒருவர் எத்தனை மிளகுப் பொட்டலம் வாங்கினார்? முதற் கூற்று: மொத்தம் 290 ரூபாய் கொடுத்தார். இரண்டாம் கூற்று: மொத்தம் 7 பொட்டலங்கள் வாங்கினார். தெரியாதவை இரண்டு, ஆகவே சமன்பாடும் இரண்டு வேண்டும் என்னும் விதியை மனத்தில் கொண்டவர், இரண்டும் சேர்ந்தால்தான் போதும் என்று எழுதிவிடுவார். ஆனால் பொட்டலத்தைப் பாதியாக வாங்க இயலாது; எண்ணிக்கை முழு எண்ணாகவே இருக்க வேண்டும். மிளகுக்குரிய தொகையைக் கழித்தபின் எஞ்சுவது 30இன் மடங்காக அமைய, மிளகு 2 பொட்டலமாக மட்டுமே இருக்க முடியும். அப்போது எஞ்சும் 150 ரூபாய்க்கு மஞ்சள் 5 பொட்டலம். ஆக முதற் கூற்று மட்டுமே போதும்.

இப்போது 290ஐ 410 என்று மாற்றிப் பார்க்கலாம். மிளகு 2, மஞ்சள் 9 என்றாலும் 410 ரூபாய் ஆகும். மிளகு 5, மஞ்சள் 2 என்றாலும் 410 ரூபாயே. முதற் கூற்று போதாது. 7 பொட்டலங்கள் என்னும் இரண்டாம் கூற்று சேர்ந்தபின்தான் மிளகு 5 என்று உறுதியாகிறது. வினாவின் வடிவம் அதுவே. ஓர் எண் மாறியதும் தீர்ப்பு மாறிவிட்டது. 'இரண்டுக்கு இரண்டு' என்னும் விதியை மட்டும் மனப்பாடம் செய்தவரை வடிகட்டவே இத்தகைய வினாக்கள் அமைகின்றன. இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. 5 கிலோ அரிசியும் 2 கிலோ பருப்பும் 470 ரூபாய் என்பது ஒரு கூற்று. 15 கிலோ அரிசியும் 6 கிலோ பருப்பும் 1,410 ரூபாய் என்பது மற்றொன்று. பார்வைக்கு இரு சமன்பாடுகள். உண்மையில் ஒன்றேதான், மும்மடங்காக்கி எழுதப்பட்டிருக்கிறது.

'ஆம்', 'இல்லை' என்று விடை பெறும் கேள்விகளில் வேறொரு மயக்கம் நேர்கிறது. லாரியில் ஏற்றிய மூட்டைகளை ஆறாறாக மீதியின்றி அடுக்க முடியுமா? முதற் கூற்று: ஒன்பது ஒன்பதாக அடுக்கினால் 4 மிஞ்சுகிறது. அவ்வாறாயின் மூன்று மூன்றாக அடுக்கினாலும் ஒன்று மிஞ்சும். ஆறாக அடுக்க ஒருபோதும் இயலாது. 'இல்லை' என்னும் விடை ஐயமற உறுதியாகிவிட்டதால் கூற்று போதுமானதே. 'இல்லை' என்ற விடையைக் 'கூற்று போதாது' என்று குழப்பிக்கொள்வது தேர்வர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

கூற்றுகளைப் படிக்கும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். முதலில் கேள்வியை மட்டும் படித்து, விடை காண எது தெரியவேண்டும் என்று தீர்மானிப்பது நலம். பிறகு முதற் கூற்றைத் தனியே ஆராய வேண்டும். இரண்டாவதற்குச் செல்லும்போது முதலாவதை அறவே மறந்துவிட வேண்டும், இதுதான் கடினம். படித்த செய்தி மனத்தில் ஒட்டிக்கொண்டு, இரண்டாவதும் தனித்தே போதும் என்ற தோற்றத்தைத் தந்துவிடும். இரண்டையும் தனித்தனியே சோதித்து, இரண்டும் போதாதென்று கண்ட பின்னரே சேர்த்துப் பார்க்க வேண்டும். போதாமையைக் காட்ட நீண்ட கணக்கு வேண்டுவதில்லை. கூற்றுக்குப் பொருந்தும் இரு வேறு விடைகளைக் காட்டினாலே போதும்.

இம்முறைக்கு மதிப்பெண் வகையிலும் பயனுண்டு. குடிமைப் பணித் திறனறித் தாளில் சரியான விடைக்கு 2.5 மதிப்பெண், தவறான விடைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். நான்கு தெரிவுகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால், சராசரியில் ஆதாயமும் இல்லை, இழப்பும் இல்லை. முதற் கூற்று தனித்தே போதும் என்பது உறுதியானால், 'முதலாவது மட்டும்', 'தனித்தனியே எதுவும்' என்னும் இரு தெரிவுகளே எஞ்சும். அந்நிலையில் துணிந்து ஒன்றைக் குறிப்பவருக்குச் சராசரியாக 0.83 மதிப்பெண் ஆதாயம். தெரிவுகளின் எண்ணிக்கையும் வரிசையும் தேர்வுக்குத் தேர்வு மாறக்கூடும் என்பதால், தாளின் தலைப்பிலுள்ள குறிப்பை ஒவ்வொரு முறையும் படித்தே தீரவேண்டும்.

பயிற்சிக்குத் தனி நூல் தேடி அலைய வேண்டிய கட்டாயமில்லை. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஒரு கணக்கை எடுத்து, அதில் தரப்பட்டுள்ள செய்திகளுள் ஒன்றை மறைத்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டு விடை காண முடியுமா என்று பார்க்கலாம். பின்னர் அதைத் திறந்து வேறொன்றை மறைக்கலாம். சில கணக்குகளில், எதை மறைத்தாலும் விடை கிட்டாது. சிலவற்றில் ஒரு செய்தி வீணாகவே நின்றிருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.