வயலோடு நின்றுவிடாதே, வாசலுக்கும் போ!

வேத பாடம்: ரூத் 2, 3, 4 அதிகாரங்கள்
மனன வசனம்: நீதிமொழிகள் 31:8,9



இந்த மாதப் பாடத்தை ஒரு பாவ அறிக்கையோடு ஆரம்பிக்கிறேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

நம் சபையில் வயதான சகோதரி ஒருவர் இருக்கிறார்கள். மந்தைவெளிப் பக்கம் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிழைப்பவர்கள். ஞாயிறு தவறாமல் துவைத்த வெள்ளைச் சேலையில் வந்து முன்பாயில் உட்காருவார்கள். காணிக்கைப் பையில் போடாமல் போனதே இல்லை. ஒரு உபவாச ஜெபத்தில் அவர்கள் கொடுத்த ஜெபக் குறிப்பில் இரண்டே வார்த்தை இருந்தது: "வீட்டுக் காரியம்". நான் என்ன செய்தேன்? "ஆண்டவரே, இந்த மகளுக்குச் சொந்த வீடு கட்டிக் கொடும்" என்று சத்தமாக ஜெபித்தேன். சபையே ஆமென் சொன்னது. இப்படி நாலு வாரம் ஜெபித்தோம்.

ஐந்தாவது வாரம் எல்லாரும் போன பிறகு அந்த அம்மா மெதுவாக வந்தார்கள். "ஐயா, நான் சொந்த வீடெல்லாம் கேக்கல. வாடகை குடுக்க முடியாம வீட்ட காலி பண்ணி மூணு மாசம் ஆச்சு. பறக்கும் ரயில் ஸ்டேஷனுக்குக் கீழதான் படுக்கிறேன். ராத்திரி பயமா இருக்கு. தலை சாய்க்க ஒரு இடம், அதுக்குத்தான் எழுதிக் குடுத்தேன்" என்றார்கள்.

எனக்குத் தலை நிமிரவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான் லஸ் கார்னர், பனகல் பார்க், அடையார் பஸ் டிப்போ ஓரமெல்லாம் போய்க் கம்பளியும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்துவிட்டு வந்தோம். அந்த அம்மாவும் நம்மோடு நின்று பொட்டலம் கொடுத்தார்கள். கொடுத்து முடித்துவிட்டு நாம் வீட்டுக்குப் போனோம். அவர்கள் எங்கே போனார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று இரவு தூக்கம் வராமல் வேதத்தைத் திறந்தபோது, பல தரம் பிரசங்கித்த ரூத்தின் புஸ்தகத்திலேயே கர்த்தர் என்னோடு பேசினார். போவாஸ் மூன்று காரியம் செய்தான். நாம் இரண்டாவதில் பாதியைச் செய்துவிட்டு, எல்லாம் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

1. போவாஸ் விசாரித்தான் (ரூத் 2:5-7)

வயலுக்கு வந்தவுடனே போவாஸ், கதிர் பொறுக்குகிற அந்நிய ஸ்திரீயைக் கவனிக்கிறான். அவள் யாருடையவள், எங்கிருந்து வந்தாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறான். கொடுப்பதற்கு முன்னே விசாரிப்பு! ஆகாரை வனாந்தரத்திலே சந்தித்த கர்த்தருடைய தூதனும் முதலில் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்றுதான் கேட்டான் (ஆதியாகமம் 16:8).

பிளாட்பாரத்தில் படுத்திருப்பவர்களை நாம் ஒரே கூட்டமாகப் பார்க்கிறோம். அப்படி அல்ல. தி.நகர் கடைகளில் மூட்டை தூக்கி, இரவு அதே கடை வாசலில் படுக்கிறவர் உண்டு. வைத்தியத்துக்கு வந்து ஊர் திரும்பக் காசில்லாதவர் உண்டு. பிள்ளைகள் கைவிட்ட பெற்றோர் உண்டு. அடி தாங்காமல் வீட்டை விட்டு வந்த ஸ்திரீகள் உண்டு. சித்தம் கலங்கி அலைகிறவர்களும் உண்டு. 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் தேசத்தில் வீடில்லாதவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொருவருக்கும் காரணம் வேறே, தேவையும் வேறே. விசாரிக்காமல் ஜெபித்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி!

2. போவாஸ் வெட்கப்படுத்தாமல் கொடுத்தான் (ரூத் 2:14-16)

அறுக்கிறவர்களோடேகூட உட்கார வைத்து அவளுக்குச் சாப்பாடு கொடுத்தான். அவளை அதட்டக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது என்று வேலைக்காரருக்குக் கட்டளையிட்டான். அவளுக்காகவே அரிகளில் சிலவற்றைச் சிந்த விடச் சொன்னான். பிச்சை என்று தோன்றாதபடிக்குக் கொடுத்தான் பாருங்கள்.

நாமோ ஒரு பொட்டலத்தை நாலு பேர் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறோம். வாங்குகிற பெரியவர் முகத்தைத் தாழ்த்துகிறார், நாம் சிரிக்கிறோம். இனி நம் சபையில் அது வேண்டாம். "சபைக்கு வந்தால்தான் சாப்பாடு" என்கிற எண்ணமும் வேண்டாம். நல்ல சமாரியன் அடிபட்டவனிடம் எந்த நிபந்தனையும் போடவில்லை (லூக்கா 10:33-35).

3. போவாஸ் பட்டணவாசலுக்குப் போனான் (ரூத் 4:1-12)

பாடத்தின் இருதயம் இதுதான். ஆறுபடி வாற்கோதுமையைக் கொடுத்து அனுப்பியதோடு (3:15) போவாஸ் நின்றிருந்தால் ரூத் அடுத்த வருஷமும் கதிர் பொறுக்கிக்கொண்டுதான் இருந்திருப்பாள். அவன் எழுந்து பட்டணவாசலுக்குப் போனான். அந்தக் காலத்தில் அதுதான் கோர்ட்டு, அதுதான் பத்திரப் பதிவு ஆபீஸ். மூப்பரில் பத்துப்பேரை உட்கார வைத்து, நியாயப்படி பேசி, எல்லார் முன்பாகவும் காரியத்தை முடித்தான். ரூத்தும் நகோமியும் அங்கே போய் நின்றிருந்தால் யார் காது கொடுத்திருப்பார்கள்? அவர்களுக்காக வாய் திறக்க ஒருவன் வேண்டியிருந்தது. மனன வசனம் சொல்லுவதும் இதையே: பேச முடியாதவனுக்காகப் பேசு.

வயலிலே கொடுப்பது இரக்கம். வாசலிலே நிற்பது நியாயம். கர்த்தர் இரண்டையும் கேட்கிறார் (மீகா 6:8).

நம் தேசத்தின் பட்டணவாசல்

"பாஸ்டர், இதெல்லாம் அரசியல் ஆச்சே?" என்று சிலர் கேட்கலாம். நடந்ததைச் சொல்லுகிறேன், நீங்களே நிதானியுங்கள்.

1981-ல் பம்பாயில் பிளாட்பாரக் குடிசைகளைப் பிய்த்தெறியத் தொடங்கினார்கள். அவர்களுக்காக உச்சநீதிமன்றம் போனவர்களில் ஒருவர் ஓல்கா டெல்லிஸ் என்கிற பத்திரிகையாளர். அவர் பிளாட்பாரத்தில் படுத்தவர் அல்ல, படுத்தவர்களுக்காகப் போனவர். 1985 ஜூலை 10-ல் தீர்ப்பு வந்தது. பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். நடைபாதையை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்லுகிறது. ஆனால் முன்னறிவிப்புக் கொடுக்காமல், அவர்கள் சொல்லுவதைக் கேட்காமல் அப்புறப்படுத்துவது முறையல்ல என்றது. அதே நாளில் நம் சென்னையின் குடிசைவாசிகள், நடைபாதைவாசிகள் பற்றிய கே.சந்துரு என்பவர் தொடுத்த வழக்கிலும் தீர்ப்பு வந்தது.

பிறகு, 2001-ல் பி.யூ.சி.எல். என்கிற மக்கள் சிவில் உரிமைக் கழகம் உணவு உரிமைக்காக ஒரு வழக்குப் போட்டது. அந்த வழக்கில் 2010-ல், பெரிய நகரங்களில் ஒரு லட்சம் ஜனத்துக்கு ஒரு காப்பகமாவது இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. 2013-ல் மத்திய அரசு கொண்டுவந்த வீடற்றோர் காப்பகத் திட்டத்தின் விதியும் லட்சம் பேருக்கு நூறு பேர் தங்குகிற அளவு என்று இருந்தது. சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களைக் கொண்டு நடத்துகிற காப்பகங்கள் இந்த வழியில் வந்தவைதான். ஆண்களுக்கு, பெண்களுக்கு, பிள்ளைகளுக்கு, மனநலம் குன்றினவர்களுக்குத் தனித்தனியாக உண்டு. யாரோ வாசலில் போய் நின்றதால் திறந்த கதவுகள் இவை. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நம் பகுதியிலேயே நடந்த துக்கமான காரியம் ஒன்றும் உண்டு. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளைக் கோர்ட்டு உத்தரவின்படி இடித்துக்கொண்டிருந்தார்கள். பிழைப்பும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இங்கே இருக்க, தூரத்தில் பெரும்பாக்கத்துக்குப் போகச் சொல்லுகிறார்களே என்பது ஜனங்களின் அழுகை. மே 8-ம் தேதி அங்கே ஒரு பெரியவர் தன்மேல் தீ வைத்துக்கொண்டு, மறுநாள் ஆஸ்பத்திரியில் மரித்தார். அந்த வழி ஒருவருக்கும் வேண்டாம், உயிர் கர்த்தர் கொடுத்தது. அதன் பிறகே அந்தக் குடும்பங்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே மாற்று வீடு என்று சட்டசபையில் அறிவிப்பு வந்தது. மே 8 ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரியமானவர்களே. கூப்பிடு தூரத்தில் நாம் ஆராதித்துக்கொண்டிருந்தோம். ஒரு உயிர் போகுமுன்னே அந்த ஜனங்களோடு உட்கார்ந்து, மனு எழுதிக் கொடுக்க நம்மில் ஒருவர் போயிருந்தால்? இந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

இன்றைக்கு நாம் போக வேண்டிய வாசல்கள்

மாநகராட்சி: இரவில் ஆதரவில்லாமல் ஒருவரைக் கண்டால் 1913-க்குப் போன் செய்து, காப்பகத்தில் சேர்க்க உதவி கேளுங்கள். போன் பண்ணிவிட்டு நகராதிருங்கள், ஆள் வரும்வரை கூட இருங்கள். வர மனமில்லாதவரை இழுக்க வேண்டாம். மறுநாள் திரும்பப் போய்ப் பேசுங்கள். தனியே இருக்கிற சிறு பிள்ளை என்றால் 1098.

போலீஸ் ஸ்டேஷன்: சித்தம் கலங்கி அலைகிறவர்களைக் கண்டால் நாம் உடனே பிசாசு என்கிறோம். ஜெபியுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் வைத்தியத்துக்கும் கொண்டுபோங்கள். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டத்தின்படி, அப்படிப்பட்டவரைப் போலீசார் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. சென்னைக் காவல்துறை 2021-ல் "காவல் கரங்கள்" என்று இப்படிப்பட்டவர்களுக்கும் உதவுகிற ஒரு சேவையைத் தொடங்கியது. தெருவில் அலைந்த மனநோயாளிப் பெண்களுக்காக 1993-ல் சென்னையில் இரண்டு இளம் பெண்கள் ஆரம்பித்ததே "பேன்யன்" நிறுவனம். சபை செய்திருக்க வேண்டியதை அவர்கள் செய்தார்கள்!

அடையாளச் சீட்டு: வீடில்லாதவருக்கு ஓட்டு கிடையாது என்று நினைக்கிறோம். தவறு. படிவம் 6-ல் அவர் படுக்கிற இடத்தை எழுதினால், தேர்தல் அலுவலர் இரவில் அங்கே வந்து பார்த்துப் பேரைச் சேர்க்க விதி உண்டு. ஆதாருக்கும் அங்கீகாரம் பெற்ற காப்பகத்துப் பொறுப்பாளரின் சான்றிதழ் செல்லும். ஒரு சீட்டு கிடைத்தால் அடுத்த சீட்டு கிடைக்கும்.

அந்த அம்மாவுக்கு நடந்தது

நான் அவர்களை முதலில் ஒரு காப்பகத்துக்குத் தனியாக அனுப்பினேன். அட்டை எங்கே, சொந்தக்காரர் யார் என்று கேட்டதில் பயந்துபோய்த் திரும்பி வந்துவிட்டார்கள். மறுநாள் நம் சபைச் சகோதரிகள் இருவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போனார்கள். அதே காப்பகம், அதே கேள்விகள். ஆனால் இந்தத் தரம் பக்கத்தில் பதில் சொல்ல ஆள் இருந்தது. அன்று இரவே படுக்கக் கட்டில் கிடைத்தது. அங்கிருந்து ஆதார், பிறகு பேங்க் பாஸ்புக், பிறகு தாலுகா ஆபீஸில் முதியோர் உதவித்தொகை மனு. ஏழு மாதம் ஆயிற்று, ஒன்பது தரம் நடந்தார்கள். 2023-ல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட அந்தத் தொகை முதல் மாதம் கைக்கு வந்தபோது, அதில் தசமபாகத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் வாங்க மனமில்லாமல் நின்றேன். "வாங்கிக்குங்க ஐயா, நானும் சபையில ஒரு ஆளுதானே" என்றார்கள். இப்போது வேறொரு விதவைச் சகோதரியோடு சேர்ந்து ஒரு சின்ன அறை எடுத்திருக்கிறார்கள். இரண்டு சகோதரிகளும் ஆயிரக்கணக்கில் செலவு செய்யவில்லை. கூடப் போனார்கள், அவ்வளவுதான்.

பிரியமானவர்களே, மனுஷகுமாரனுக்கும் தலை சாய்க்க இடமில்லாதிருந்தது (மத்தேயு 8:20). போவாஸ் வாசலுக்குப் போனதால் ரூத்துக்கு ஒரு வீடு உண்டாயிற்று. அந்த வீட்டின் சந்ததியில்தான் தாவீதும், மாம்சத்தின்படி நம் ஆண்டவரும் வந்தார்கள் (மத்தேயு 1:5,6,16). நாம் யாரோடு தாலுகா ஆபீஸ் படியேறுகிறோம் என்பது கர்த்தருக்குத் தெரியும்.

வீட்டுக் கூட்டத்தில் தியானிக்க:
1. உங்கள் தெருவில் வெளியே படுக்கிறவர் ஒருவருடைய பேர் உங்களுக்குத் தெரியுமா?
2. நம் சபையில் வாடகைக் கஷ்டத்தைச் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள் யார்? அவர்களை விசாரிக்க யார் போவது?
3. மாதத்தில் ஒரு நாள் ஒருவரோடு கூட ஆபீஸுக்குப் போக யார் யார் தயார்? பேர் கொடுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, கேட்காமலே ஜெபித்த எங்களை மன்னியும். விசாரிக்கிற வாயையும், வெட்கப்படுத்தாத கையையும், வாசல்வரை நடக்கிற கால்களையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே, ஆமென்.