கிட்டங்கிக்குள் கடல்

கற்பிட்டி

அன்பு மருமகளுக்கு,

தோழிகளோடு கொச்சி பினாலே என்ற கலைக் கண்காட்சியைப் பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். நவீன கலை உனக்கு விளங்காதோ என்று பயப்படுகிறாய். தைரியமாகப் போய் வா.

முதலில் ஆஸ்பின்வால் ஹவுஸின் கட்டடங்களைப் பார். ஜோன் ஆஸ்பின்வால் என்ற ஆங்கில வணிகர் 1867இல் தொடங்கிய கம்பனியின் இடம் அது. மிளகும் தேங்காயெண்ணெயும் பிற்பாடு கயிறும் தேயிலையும் அங்கிருந்துதான் கப்பலேறின. 2012இல் கலைஞர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் முதலாவது பினாலேயை நடத்தியபோது அதையே பிரதான இடமாக்கினார்கள். தும்பு ஆலைகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை நீ. அந்தச் சுவர்கள் உனக்கு அந்நியமாக இராது. மூட்டை சுமந்தவர்களை நினைத்துக்கொண்டு நட. எல்லா அறைகளையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க அவசரப்படாதே. விளக்கப் பலகையைக் கடைசியில் வாசி.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், 2016இல் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா அங்கே ஒரு கிட்டங்கிக்குள் கடல்நீரை நிரப்பினார். வந்தவர்கள் அந்த நீருக்குள் இறங்கி நடந்துதான் சுவரில் இருந்த வரிகளை வாசித்தார்கள். காலிப் குர்தி என்ற சிறுவனுக்கு அவர் அர்ப்பணித்த படைப்பு அது. 2015இல் அகதிகளின் படகு கவிழ்ந்து, துருக்கிக் கரையில் உடலாக ஒதுங்கிய அவன் தம்பி ஆலனின் படத்தை உலகமே பார்த்தது. அதே பயணத்தில் மூழ்கிய அண்ணன் காலிபுக்கு அப்படியொரு படமும் இல்லை. சும்மா நின்று பார்க்கிற ஓவியமென்றால் இரக்கப்பட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடலாம். உடுப்பு நனைந்தவர் அவ்வளவு லேசாகப் போய்விட முடியாது.

நமக்கும் அப்படியொரு கடல்வழி உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து நம்மவர்கள் படகில் வந்து இறங்கியது இந்தக் கற்பிட்டிக் கரையில்தான். அறிக்கைகள் வந்தன, கூட்டங்கள் நடந்தன. ஆனால் உன் வயதுப் பிள்ளைகள் அந்த நினைவுக்குள் நடந்துபோய் அறிய இங்கே ஓரிடம் வேண்டும். பூட்டிக்கிடக்கும் தும்பு ஆலையொன்றை என்றாவது நீ அப்படி ஆக்கவேண்டும் என்பது என் ஆசை. அந்தக் கண்ணோடு கொச்சியைப் பார்: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எதை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள், வருகிறவரை எந்த வாசலால் உள்ளே விடுகிறார்கள்.

யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் வீடுகளை நினைவிலிருந்து வரைந்த படங்களைத் திரட்டி 2011இல் ஒரு நூலாக்கினார். நீயும் போகுமுன் உம்மும்மாவிடம் எருக்கலம்பிட்டி வீட்டை ஒரு தாளில் கீறித் தரச் சொல். கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று அவவுக்கும் உன் உம்மாவுக்கும் வாக்குவாதம் வரும். இருவர் கீறியதையும் வாங்கி வைத்துக்கொள்.

அன்புடன்,
மாமா