மருத்துவச் சேவை ஆய்வில் கலைச்சொற்கள்: யானைக்கால் நோயை முன்வைத்து

முன்னுரை

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர். திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிவிடை புரிபவர் என நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறது. இந்நான்கும் அமைந்திருந்தும் ஓர் ஊரில் நோய் குறையவில்லையெனில் காரணம் யாது? மருந்து உரியவரைச் சென்றடைந்ததா? அடைந்த மருந்து உண்ணப்பட்டதா? உண்டதனால் விளைந்த பயன் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே மருத்துவச் சேவை ஆய்வு. அவ்வாய்வில் பயிலும் சொற்கள் சிலவற்றைக் காவிரிப் படுகை மக்கள் நன்கறிந்த யானைக்கால் நோயைக் கொண்டு விளக்குவதும், அவை பொருள் தெளிவின்றி வழங்கினால் நேரும் தீங்கைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைச்சொல் முயற்சிகள்

மேலை மருத்துவத்தைத் தமிழில் கூறும் முயற்சி புதியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன், மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். நம் காலத்தில் மணவை முஸ்தபா மருத்துவக் கலைச்சொற்களைத் தொகுத்து விளக்கத்துடன் களஞ்சியமாக வழங்கினார். 1981இல் தஞ்சையில் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியல் தமிழுக்கெனத் தனித்துறை கண்டது. உடலுறுப்பு, நோய், மருந்து ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் இவ்வாறு பெருகின. ஆயின், நோயின் அளவையும் சேவையின் பயனையும் அளக்கும் சொற்கள் மக்கள் வழக்கில் இன்னும் வேரூன்றவில்லை.

நோயின் இயல்பு

கும்பகோணம் வட்டாரத்தோடு யானைக்கால் நோயின் பெயர் நெடுங்காலமாக இணைத்துப் பேசப்பட்டு வந்துள்ளது. கழிவுநீர்த் தேக்கங்களில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, இந்நோய்க்குக் காரணமான நுண்புழுக்களை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கொண்டு செல்கிறது. வளர்ந்த புழுக்கள் நிணநீர் நாளங்களில் பல்லாண்டு வாழும். அவை ஈனும் நுண்புழுக்கள் இரவில் இரத்தத்தில் மிகுதியாகத் தென்படும். கால் வீங்குவதோ, தொற்று ஏற்பட்டுப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே. எனவே, வீக்கமற்றவர் உடலிலும் நுண்புழு இருத்தல் கூடும். இந்திய அரசு 1955இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2004 முதல் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை அனைவருக்கும் டி.இ.சி. மாத்திரை வழங்கும் முறை நாடெங்கும் மேற்கொள்ளப்பட்டது. பின்னர் அதனுடன் அல்பெண்டசோல் மாத்திரையும் சேர்க்கப்பட்டது.

நிலவு வீதமும் நிகழ்வு வீதமும்

ஒரு குறித்த காலத்தில் மக்களுள் எத்தனை பேர் நோயுடன் இருக்கின்றனர் என்பது நிலவு வீதம். ஒரு காலப்பகுதிக்குள் எத்தனை பேருக்கு நோய் புதிதாக உண்டாகிறது என்பது நிகழ்வு வீதம். குளத்தில் நிற்கும் நீரை நிலவு வீதத்திற்கும், மதகின் வழியே புதிதாக வந்து சேரும் நீரை நிகழ்வு வீதத்திற்கும் உவமை கூறலாம். மதகை அடைத்த மறுநாளே குளம் வற்றிவிடுவதில்லை.

இவ்வேறுபாடு அறியாமையால் விளையும் கேடு பெரிது. "ஆண்டுதோறும் மாத்திரை தருகின்றனர், தெருவில் யானைக்கால் உடையோர் அப்படியேதான் இருக்கின்றனர், மாத்திரையால் என்ன பயன்?" என்று வினவுவோர் உளர். அவர்கள் காண்பது நிலவுவதை. மாத்திரை தடுக்க முனைவது புதிதாய் நிகழ்வதை. முதிர்ந்த வீக்கத்தை அம்மாத்திரை போக்குவதில்லை. அதற்கு நாள்தோறும் காலைக் கழுவித் தூய்மையாகப் பேணுதலே துணை. இக்காரணத்தாலேயே, நோய் பரவுதல் நின்றதா என்று அறிய முதியோர் கால்களைப் பாராமல் 6, 7 வயதுச் சிறுவர்களின் இரத்தத்தைச் சோதிக்கின்றனர். 'நோய்ப் பரவல்' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் இவ்விளக்கம் மக்களைச் சென்றடையாது.

வழங்கலும் உட்கொள்ளலும்

வழங்கல் வீதம், உட்கொள்ளல் வீதம் என்பன அடுத்த இணை. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்போம். ஓர் ஊரின் மக்கள்தொகை 1,000 என்க. கருவுற்ற மகளிர், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயாளிகள் நீங்கலாக மாத்திரை பெறத் தகுதியுடையோர் 850 பேர். அவர்களுள் 765 பேருக்கு மாத்திரை வழங்கப்பட்டது. வழங்கல் வீதம் 90 விழுக்காடு. ஆயின் விழுங்கியோர் 510 பேர்தாம் எனின், மொத்த மக்கள்தொகையில் உட்கொள்ளல் வீதம் 51 விழுக்காடே. மொத்த மக்கள்தொகையில் குறைந்தது 65 விழுக்காட்டினர் உட்கொள்ள வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவுகோல். பதிவேட்டில் வெற்றியாகத் தோன்றியது இங்குத் தோல்வியாகிறது. எனவே ஒரு விழுக்காட்டைக் கண்டவுடன், 'எதில் எத்தனை?' என்று வினவுதல் வேண்டும்.

அணுகலும் ஒப்புதலும்

சேவை இருத்தல் வேறு. அதனை மக்கள் அணுக இயலுதல் வேறு. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்பச் சுகாதார நிலையம் என்பது அரசின் நெறி. நிலையம் அருகிலிருந்தும், நடவுக் காலத்தில் ஒரு நாள் கூலியை இழந்து வர இயலாத பெண்ணுக்கு அஃது எட்டாத தொலைவே. இதனை அணுகல் என்னும் சொல் குறிக்கும்.

ஒப்புதல் என்பது கையொப்பம் மட்டுமன்று. எதற்கு, ஏன், மறுத்தால் என்ன என்று அறிந்தபின் தரும் இசைவு. நுண்புழுவைக் கண்டறிய இரவில் இரத்தம் எடுக்க வருவோரைக் கண்டு கதவடைக்கும் இல்லத்தார் பிடிவாதக்காரர் அல்லர், 'ஏன் இரவில்?' என்பதற்கு அவர்களுக்கு விளங்கும் மொழியில் விடை கூறப்படவில்லை என்பதே உண்மை. ஊர்ப் பெரியோரும் ஜமாஅத்தாரும் முன்கூட்டியே விளக்கினால் இத்தடை நீங்கும்.

முடிவுரை

நிலவு, நிகழ்வு, வழங்கல், உட்கொள்ளல், அணுகல், ஒப்புதல் ஆகிய ஆறும் அரிய சொற்கள் அல்ல. நாம் நாளும் வழங்குவனவே. அவற்றுக்குரிய பொருளை வரையறுத்துக் கொள்வதே தேவை. கணக்கெடுப்புக்கு வருவோரின் வினாப்படிவத்தைத் தமிழ் பயிலும் மாணவர்கள் வாங்கிப் படித்து, வயலில் உழைப்போரிடம் ஒருமுறை கூறிப் பார்க்கலாம். கேட்டவர் தம் சொற்களில் அதனைத் திருப்பிக் கூறினால் அச்சொல் தேறியது. விழித்தால் வேறு சொல் தேடுவோம். நம் துறை மருத்துவத்திற்கு ஆற்றத்தக்க தொண்டு இதுவேயாகும்.