வெள்ளைக் கழிச்சல் வருமுன்: வீட்டுக்கோழி வளர்ப்போருக்குச் சில குறிப்புகள்

முற்றத்தில் மேயும் நாட்டுக்கோழிகளை ஒரே வாரத்தில் துடைத்துப் போட்டுவிடும் நோய் வெள்ளைக் கழிச்சல். கால்நடை மருத்துவர்கள் ராணிக்கெட் நோய் என்று சொல்வதும் இதுதான். வைரஸால் வருவது என்பதால் வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது. தடுப்பூசி போடாத கோழிகளுக்குள் நுழைந்தால் பத்தில் எட்டு, ஒன்பது போய்விடும். சில வீடுகளில் ஒன்றுகூட மிஞ்சாது. ஆனால் வருமுன் தடுக்க முடியும், அதுவும் செலவில்லாமல். ஒரு வீடு மட்டும் முனைந்தால் போதாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். வேலி தாண்டி மேயும் கோழிக்குத் தெருவே சேர்ந்து காவல் இருக்க வேண்டும்.

1. நோயின் அடையாளம் தெரிந்திருக்கட்டும். கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓர் ஓரமாய்த் தூங்கி வழியும். இரை எடுக்காது. எச்சம் வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீர்போலக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தப்பிப் பிழைப்பவற்றில் சில கழுத்தை முறுக்கிக்கொண்டு வட்டமிடும். கால், இறக்கை விழுந்துபோவதும் உண்டு. முட்டையிடும் பெட்டை திடீரென நிறுத்திவிட்டாலோ, தோல்முட்டை இட்டாலோ அதையும் கவனியுங்கள்.

2. தடுப்பூசிக்கு வயதுக் கணக்கு உண்டு. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரம் லசோட்டா சொட்டு மருந்து. எட்டு வாரம் கடந்த பிறகு இறக்கைப் பகுதியில் தோலுக்கு அடியில் போடும் ஆர்.டி.வி.கே. ஊசி. இந்த ஊசி வீரியம் மிக்கது. சிறு குஞ்சுகளுக்கு எக்காரணத்தாலும் போடக்கூடாது. பிறகு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும் என்று உங்கள் ஊர் மருத்துவரிடம் கேட்டு, காலண்டரில் குறித்துவையுங்கள்.

3. மருந்துக் குப்பியைத் தெருவோடு பங்கிடுங்கள். ஒரு குப்பியில் நூறு கோழிக்கும் அதற்கு மேலும் மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தை எடுத்துவைத்து மறுநாள் போட முடியாது. பத்துக் கோழி வைத்திருப்பவர் தனியாகப் போய் நின்றால் ஒரு குப்பியை உடைக்க மருந்தகத்திலும் யோசிப்பார்கள். நாலைந்து வீட்டார் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் போடுவதே வழி. பக்கத்து வீட்டுக் கோழிக்கும் போட்டால்தான் உங்கள் கோழிக்கும் முழுப் பாதுகாப்பு. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துகிறது. கோடையில் இந்த நோய் கொழுந்துவிட்டுப் பரவும் என்பதால்தான் அந்த மாதம். முகாமைத் தவறவிட்டவர்கள் எந்தக் கிழமை மருந்து போடுகிறார்கள் என்று மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

4. மருந்து வெயில் பார்க்கக்கூடாது. இது உயிருள்ள வைரஸை வலுக்குறைத்துச் செய்த மருந்து. சூடு பட்டால் செத்துவிடும். செத்த மருந்தைப் போடுவதும் வெறும் தண்ணீரைப் போடுவதும் ஒன்றுதான். ஐஸ் கட்டி போட்ட தெர்மாகோல் பெட்டியிலோ, அகலவாய் பிளாஸ்கிலோ எடுத்து வாருங்கள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் வருவது கூடாது. வீட்டில் உடனே போட முடியாவிட்டால் கரைக்காமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீஸரில் வேண்டாம்.

5. சொட்டு விடும் முறை. விடியற்காலையில் கூண்டைத் திறப்பதற்கு முன்பே தொடங்குங்கள். மேயப் போன பிறகு பிடிக்க முடியாது. ஒருவர் கோழியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் தலையை ஒருக்களித்துச் சாய்த்து, ஒரு கண்ணில் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். சொட்டு கண்ணில் விழுந்ததும் விட்டுவிடாதீர்கள். கோழி இமைத்து, மருந்து உள்ளே இறங்குவது தெரியும்; அதுவரை பிடித்திருங்கள். அவசரத்தில் விட்டால் தலையை உதறி மருந்தைச் சிந்திவிடும். போட்ட கோழியை வேறு பஞ்சாரத்தில் அடைத்தால் எதற்குப் போட்டோம், எதற்குப் போடவில்லை என்ற குழப்பம் வராது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மருந்துக் கையால் கண்ணைத் தேய்த்தால் நமக்குக் கண் சிவந்து நீர் வடியும்.

6. தண்ணீரில் கலந்து கொடுப்பதும் உண்டு. ஆனால் மேயும் கோழிகளுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. எந்தக் கோழி எவ்வளவு குடித்தது என்று யாருக்குத் தெரியும்? அடைத்து வளர்ப்பவர்கள் கொடுத்தால், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒதுக்கிக் கிணற்றுத் தண்ணீரை எடுங்கள். லிட்டருக்கு 5 கிராம் வெண்ணெய் நீக்கிய பால் பவுடர் சேர்ப்பது மருந்தைக் காக்கும். இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீரை எடுத்துவிட்டால் தாகத்தில் மளமளவென்று குடித்துவிடும்.

மரத்தில் அடையும் கோழிகளைப் பிடிக்கவே முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீவனம்போலத் தின்னக் கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. கிடைக்குமா என்று விசாரித்துப் பாருங்கள்.

7. நலமாக உள்ள கோழிக்கே தடுப்பூசி. ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுங்கள். புழு தின்னும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி சரியாக ஏறாது. “ஊசி போட்டாங்க, கோழி செத்துப்போச்சு” என்று ஊரில் சொல்வார்கள். பெரும்பாலும் அது நோய் ஏற்கனவே உள்ளே புகுந்திருந்த கோழியாக இருக்கும். எதிர்ப்புச் சக்தி உருவாக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பக்கத்து வீட்டில் கோழி விழ ஆரம்பித்த பிறகு ஓடினால் காலம் கடந்துவிடும்.

8. சந்தைக் கோழியை நேரே சேர்க்காதீர்கள். பார்க்க எவ்வளவு திடமாக இருந்தாலும் மூன்று வாரம் தனியே, முடிந்தால் வீட்டின் மறுபுறம் அடைத்து வையுங்கள். தீனித்தட்டும் தண்ணீர்ச் சட்டியும் வேறாக இருக்கட்டும். நம் கோழிக்குத் தீனி வைத்துவிட்டுக் கடைசியில் புதுக்கோழிக்கு வையுங்கள். விற்கக் கொண்டுபோய் விலை படியாமல் திரும்பிவரும் சேவலுக்கும் இதே கட்டுப்பாடுதான். சந்தையில் நூறு கோழியோடு நெருங்கி இருந்துவிட்டுத்தான் அது வருகிறது.

9. கறிக்கடைக் கழிவு. நோய் நுழையும், பலர் கவனிக்காத வாசல் இது. ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி வாங்கி, கழுவிய தண்ணீரை வாழைமரத்தடியில் ஊற்றுகிறோம். குடலையும் தோலையும் கொல்லையில் வீசுகிறோம். அடுத்த நிமிடம் நம் கோழிகள் அங்கே கொத்திக்கொண்டு நிற்கும். அறுத்த கோழிக்கு நோய் இருந்திருந்தால் வைரஸ் அந்தக் குடலிலும் நீரிலும் இருக்கும். கழிவைப் புதையுங்கள், தண்ணீரைக் கோழி அண்டாத இடத்தில் ஊற்றுங்கள்.

10. கூண்டும் செருப்பும். எச்சத்தை முதலில் சுரண்டி எடுத்துவிட்டுப் பிறகே சுண்ணாம்போ பிளீச்சிங் பவுடர் கரைசலோ தெளியுங்கள். எச்சத்தின் மேல் தெளித்தால் பயனில்லை. கூண்டை வெயிலில் காய வையுங்கள். கோழி வியாபாரியையும் அவர் கூடையையும் வாசலோடு நிறுத்துங்கள். சீக்கு வந்த வீட்டுக்குப் போய்வந்தால் செருப்பையும் கையையும் கழுவாமல் நம் கோழிப்பக்கம் போகவேண்டாம்.

11. வெள்ளைக் கழிச்சலைப் போலவே கோழி அம்மையும் வைரஸ் நோய்தான். கொண்டையிலும் தாடியிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம் வரும். கொசு பரப்பும். தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். இதற்கு ஆறு முதல் எட்டு வார வயதில் இறக்கைச் சவ்வில் குத்தும் தடுப்பூசி உண்டு.

12. வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டால் மிச்சக் கோழியை விற்காதீர்கள். “இருப்பதையாவது காசாக்குவோம்” என்று தோன்றும். அந்த வேதனை புரிகிறது. ஆனால் அந்தக் கோழி போகும் ஊரெல்லாம் நோய் போகும். நோயுற்றவற்றைத் தனியே அடைத்து, மற்றவற்றை வெளியே மேய விடாமல் வையுங்கள். கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுக்கும் கைவைத்தியம் ஊரில் உண்டு. இரை எடுக்க உதவினால் நல்லதுதான். தடுப்பூசிக்கு மாற்றாக அதை நம்பவேண்டாம்.

13. செத்த கோழியைக் குளத்திலோ சாலையோரத்திலோ வீசாதீர்கள். நாயும் காக்கையும் தெருத்தெருவாக இழுத்துப் போகும். மூன்றடிக்குக் குறையாமல் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். எந்த நோய் என்று தெரியவேண்டுமானால், அப்போதுதான் செத்த ஒரு கோழியை இரட்டைப் பையில் கட்டிக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு எடுத்துப்போகலாம்.

14. ஓரிரு நாளில் கூட்டமாகச் செத்தாலோ, கொண்டை நீலம் பாய்ந்தாலோ, வாத்தும் காக்கையும் சேர்ந்து விழுந்தாலோ தொடாதீர்கள். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றக்கூடியது. அறுக்கவோ சமைக்கவோ வேண்டாம். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

15. நோய் ஓய்ந்த பிறகு குறைந்தது ஒரு மாதம் விட்டுப் புதுக்குஞ்சு வாங்குங்கள். பிழைத்த கோழி கொஞ்ச நாள் எச்சத்தில் வைரஸைக் கழித்துக்கொண்டிருக்கும். நோய் நடந்த சமயத்தில் இட்ட முட்டையை அடைக்கு வைக்காதீர்கள்.