கையறுநிலையும் ராப் பாடலும்

உயர்தர வகுப்பில் புறத்திணை படிக்கும்போது கையறுநிலை என்ற துறையை நாம் சந்திக்கிறோம். அன்புக்குரியவர் இறந்துவிட, செய்வதறியாது நிற்போர் பாடும் துறை அது. புறநானூற்றின் 112ஆம் பாடலை எல்லோரும் இதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். பாரியின் மகளிர் இருவர் பாடியது, ஐந்தே அடிகள். அதில் அலறல் இல்லை. சென்ற மாத நிலவையும் இம்மாத நிலவையும் அருகருகே வைத்து, அன்று எம்மிடம் இருந்தவை எவை, இன்று இல்லாதவை எவை என்று கணக்குச் சொல்வது போலச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பாடியவர்கள் ஏறக்குறைய எங்கள் வயதுப் பெண்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அந்தத் துறை இன்று எங்கே வாழ்கிறது என்று என்னைக் கேட்டால், ஹிப்ஹொப்பில் என்பேன். பெற்றோர் பலர் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். தொளதொளத்த காற்சட்டை, காதைக் கிழிக்கும் சத்தம், வாயில் வரக்கூடாத சொற்கள் என்பவைதான் அந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருகின்றன. அவையும் அதில் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் அது மட்டுமல்ல.

1973 ஆகஸ்ட் 11ஆம் திகதி நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், டீஜே கூல் ஹேர்க் என்ற இளைஞரும் அவருடைய தங்கையும் நடத்திய ஒரு விருந்திலிருந்து ஹிப்ஹொப்பின் கதையைத் தொடங்குவது வழக்கம். அன்று அது ஆட்டத்துக்கான இசை. ஆனால் அதைப் பாடிய வறிய இளைஞர்களின் நண்பர்கள் ஒவ்வொருவராக இள வயதிலேயே இறந்தார்கள். ஆட்டப் பாட்டு மெல்ல அழுகைப் பாட்டாகவும் மாறியது.

1990இல் டுரோய் டிக்ஸன் என்ற 22 வயது நடனக் கலைஞர் ஒரு விபத்தில் இறந்தார். அவருடைய நண்பர்களான பீட் ரொக், சீ எல் ஸ்மூத் ஆகிய இருவரும் 1992இல் அவர் நினைவாக ஒரு பாடலை வெளியிட்டார்கள். 'அவர்கள் உன்னை நினைவுகூர்கிறார்கள்' என்ற பொருள் தரும் அதன் ஆங்கிலத் தலைப்பின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் டுரோய் என்ற பெயர் வரும். பின்னணியில் ஒலிக்கும் சாக்ஸபோன் 1960களின் பழைய இசைத்தட்டு ஒன்றிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. என்னை வியக்க வைத்தது வேறொன்று. அந்தப் பாடலின் பெரும்பகுதி டுரோயைப் பற்றியதே அல்ல! பாடுபவர் தன்னை வளர்த்த தாயைப் பற்றியும், தன் குடும்பத்துப் பெரியவர்களைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போகிறார். ஒருவரை இழந்ததும், தன்னை ஆளாக்கிய எல்லோரும் நினைவுக்கு வந்துவிடுகிறார்கள் போலும்.

இதன் பின் 1995இல் இறந்த ஈஸி ஈ என்ற பாடகருக்காகவும், 1997 மார்ச்சில் 24 வயதில் சுட்டுக்கொல்லப்பட்ட நொட்டோரியஸ் பிக் என்பவருக்காகவும் வந்த பாடல்கள் உலகமெங்கும் ஒலித்தன. இரண்டாவது பாடலில் நொட்டோரியஸ் பிக்கின் மனைவியே பாடியிருக்கிறார்.

கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர்களுக்கு ஒப்பாரி புதிதல்ல. அடுத்த ஒழுங்கையில் ஓர் இந்துக் குடும்பத்தில் மரணம் நேர்ந்தால், பறைமேளச் சத்தத்துக்கு ஊடே பெண்களின் குரல் எங்கள் வீட்டுச் சமையலறை வரை வரும். கவனித்துக் கேட்டால், ஒப்பாரி சொல்பவர் இறந்தவரை நேரே விளித்துப் பேசுவார். பிறகு தன் கதைக்கு வந்துவிடுவார்: தான் பிறந்த வீடு, பட்ட கஷ்டம், இனித் தனக்கு யார் என்ற கேள்வி. மெட்டு ஒன்றுதான், சொற்களை அந்த இடத்திலேயே எதுகை மோனையோடு கட்டிக்கொள்வார். ராப் பாடகர் செய்வதும் இதையே. தாளம் மாறாது ஓட, அதன் மேல் பேச்சு ஓடுகிறது. ஒப்பாரி சொல்லும் அந்த அம்மாவும் அமெரிக்க இளைஞரும் ஒருவரை ஒருவர் அறியார். ஆனாலும் துக்கம் இருவரையும் ஒரே வழியால் அழைத்துப் போயிருக்கிறது.

இந்த இரண்டும் தமிழில் வெளிப்படையாகவே கைகோத்தன. சென்னையில் மரண வீட்டில் இரவு முழுக்கப் பாடப்படும் மரண கானா பழைய வழக்கம். அந்தக் கானாவையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றிய 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடியவர் அறிவு. 2021 மார்ச்சில் அவரும் தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்த 'என்ஜாய் எஞ்சாமி' வெளிவந்தது. நாம் திருமண வீடுகளில் கைதட்டி ரசித்த அந்தப் பாட்டுக்குள் ஒப்பாரியின் குரல் இருக்கிறது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின் இந்தியாவுக்குத் திரும்பியவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தை வரலாற்றுப் பாடத்தில் 5,25,000 என்ற எண்ணாக மனனம் செய்கிறோம். அப்படிச் சென்றவர்கள் விட்டுப்போன வீடும் மரமும் கோழியும் ஒரு பேரனின் ராப்பில் பெயர் சொல்லி அழைக்கப்படும்போதுதான் அந்த எண்ணுக்கு உயிர் வருகிறது. ஆளை மட்டுமல்ல, இடத்தை இழந்தாலும் கையறுநிலைதான்.

எம் வீடுகளில் எழும் கேள்வி வேறு. சத்தமிட்டு ஒப்பாரி வைப்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது. கணவனை இழந்த பெண்ணுக்கு நான்கு மாதமும் பத்து நாளும். மற்றவர்களுக்குத் துக்கம் காக்க மூன்று நாள். அதே வேளை நபி (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்ராஹீம் மரணித்தபோது கண்ணீர் வடித்தார்கள். எனவே தடை கண்ணீருக்கு அல்ல. அரபு இலக்கியத்தின் பெரும் இரங்கற் கவிஞர் ஒரு பெண். தம் சகோதரர் ஸக்ரை இழந்து கவி பாடிய அல் கன்ஸா, பின்னர் இஸ்லாத்தை ஏற்றவர். மார்பில் அடித்து, விதியைத் திட்டி அழுவதும், இறந்தவரின் நற்குணத்தைச் சொல்லால் நினைவில் நிறுத்துவதும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். வாத்திய இசை பற்றிய கருத்து வேறுபாட்டை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். ராப்புக்கு வாத்தியம் கட்டாயமில்லை. மேசையில் இரண்டு விரல் போதும்.

அது எனக்குத் தெரிந்தது என் நானாவால். 2020 ஏப்ரல் முதல் கொவிட்டால் இறந்தவர்களைத் தகனமே செய்ய வேண்டும் என்ற விதி இருந்ததும், 2021 மார்ச் முதல் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்ததும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம்தான் எங்கள் சாச்சா மௌத்தானார். ஜாவத்தை மையவாடியில் அடக்கியிருந்தால் வெள்ளவத்தையிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் ஜனாஸா 200 கிலோமீற்றருக்கும் அப்பால் போனது. வீட்டிலிருந்து இருவர்தான் போனார்கள். குளிப்பாட்டவில்லை, முகம் பார்க்கவில்லை. மூன்று நாள் முடிந்தும் எங்களுக்கு எதுவும் தொடங்கியதாகவே இருக்கவில்லை.

அப்போது நானாவுக்குப் பதினாறு வயது. இரவில் கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி, மேசையில் தட்டித் தட்டிச் சொல்லிப் பார்ப்பார். "இந்த நேரத்துல யாஸீன் ஓதினா நன்மை சரி கிடைக்கும்" என்று வாப்பா கோபித்தார். நான் அந்தக் கொப்பியை வாசித்தேன். மரணம் என்ற சொல்லே அதில் இல்லை. சாச்சாவின் நீல நிற முச்சக்கர வண்டி, அதன் இடது பக்கக் கண்ணாடியில் இருந்த வெடிப்பு, காலி முகத்திடலில் ஐந்து பேருக்கு நான்கு இஸ்ஸோ வடை வாங்கித் தான் சாப்பிடாமல் விட்டது, பெருநாள் காசை எப்போதும் புதுத் தாளாகத் தருவது. பாரி மகளிரின் கணக்கைப் போன்ற கணக்கு. நானா தமிழ் இலக்கியம் படித்தவர் அல்லர். அவர் கணிதப் பிரிவு.

ஒரு நாள் உம்மா கதவடியில் நின்று முழுவதையும் கேட்டார். ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "சாச்சா இருமிக்கொண்டே சிரிக்கிறத விட்டுட்டியே மகன்" என்றார். நானா அதையும் சேர்த்து எழுதினார். வாப்பா அதன் பின் ஒன்றும் சொல்லவில்லை.

மறு வருடம் நாங்கள் எல்லோரும் ஓட்டமாவடிக்குப் போனோம். கபுறடியில் நானா அந்த வரிகளைச் சொல்லவில்லை. வாப்பாவுக்குப் பக்கத்தில் நின்று யாஸீன் ஓதினார். திரும்பி வரும் வழியில், வேனின் பின் ஆசனத்தில், அவருடைய விரல்கள் கண்ணாடியில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தன.