பழைய கிதாருக்குப் பலா முகம்

எலெக்ட்ரிக் கிதாருக்குப் புது மேல்பலகை போடப் போகிறேன் என்றதும் நண்பர்கள் கேட்டது, "சத்தம் மாறுமா?" என்றுதான். பிக்கப் பிடிப்பது கம்பியின் அதிர்வை. மேலே ஒட்டும் 6 மி.மீ. பலகை அதைப் பெரிதாக மாற்றும் என்று நான் நம்பவில்லை; வேலை முடிந்த பிறகும் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. இது முழுக்க முழுக்க அழகுக்கான வேலை. அதில் குறைவொன்றும் இல்லை. 1952-இல் வந்த லெஸ் பால் கிதாரில் மேப்பிள் மேல்பலகை தங்கப் பூச்சுக்குள் மறைந்திருந்தது. 1958-இல் பூச்சை மாற்றி மரத்தின் ரேகையை வெளியே காட்டினார்கள். இன்று பலரும் ஏங்குவது அந்த ரேகைக்குத்தான்.

என்னுடையது டெலிகாஸ்டர் வடிவம். மேப்பிளைத் தேடி அலையாமல் பலாவை எடுத்தேன். தஞ்சாவூர் வீணைக்கு ஆகிற மரம், கிதாரின் முகத்துக்கு ஆகாதா? வைரம் பாய்ந்த, நன்றாகக் காய்ந்த கட்டையாகப் பார்த்து வாங்குங்கள். ஈரம் மிச்சமிருந்தால் ஒட்டிய பிறகு சுருங்கி, நடு இணைப்பு வாய் பிளக்கும். ஒரே கட்டையைக் கனத்தின் நடுவே நீளவாக்கில் பிளந்து புத்தகம் போல விரித்தால் இரண்டு பாதியிலும் ரேகை ஒன்றையொன்று பார்க்கும். விளிம்புகளைச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கீற்று வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி இழைப்புளியைக் கையில் எடுக்க வேண்டியதுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கனக் கணக்கு. இந்த வகைக் கிதாரின் உடல் சுமார் 45 மி.மீ. கனம். கழுத்து உட்காரும் குழி சுமார் 16 மி.மீ. ஆழம். பழைய உடலை இழைக்காமல் மேலே 6 மி.மீ. ஒட்டினால் குழி 22 ஆகிவிடும். கழுத்து உள்ளே அமிழும், பிரிட்ஜ் மேலே ஏறும், கம்பிகள் ஃபிரெட்டிலிருந்து வெகுதூரம் விலகிவிடும். எவ்வளவு ஒட்டப் போகிறோமோ அவ்வளவையும் முதலில் இழைத்து எடுத்துவிட வேண்டும். அதற்கும் முன்னால், கழுத்துக் குழி, பிக்கப் குழி, கன்ட்ரோல் குழி மூன்றுக்கும் எம்.டி.எஃப். பலகையில் அச்சு வெட்டி, நடுக்கோட்டையும் அதில் குறித்துவையுங்கள். பலகை ஒட்டிய பிறகு எந்தக் குழியும் கண்ணுக்குத் தெரியாது.

ஒட்டும்போது ஒரு நல்ல யோசனை சொன்னவர் பட்டறை ஆசாரி. "பசை போட்டு இறுக்கினா பலகை சறுக்கும் தம்பி. வெட்டி எறியப் போற இடமாப் பாத்து ரெண்டு ஆணி வை," என்றார். கழுத்துக் குழிக்கு மேல் ஒன்று, கீழ்விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கழிவில் ஒன்று. இரண்டுக்கும் உடலோடு சேர்த்துக் கட்டைகள் வைத்து வழிகாட்டி போட்டோம். பலகை அசையவே இல்லை. பசையை இரண்டு முகத்திலும் மெல்லியதாகப் பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்கு கிளாம்ப் போட்டு வாருங்கள். காய்ந்ததும் உடனே ரூட்டரை எடுக்க வேண்டாம். பசையின் ஈரம் மரத்திலிருந்து வெளியேறச் சில நாள் விடுங்கள்.

ஓரத்தை ரம்பத்தால் 2 மி.மீ. மிச்சம் வைத்து அறுத்த பிறகு, பேரிங் வைத்த ரூட்டர் பிட் பழைய உடலின் பக்கத்தையே பிடித்துக்கொண்டு வெட்டும். வளைவுகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், அவசரப்பட்டால் சிராய் பெயரும். முன்பு வெட்டிவைத்த அச்சுகளை நடுக்கோட்டில் பொருத்தி மூன்று குழிகளையும் ரூட்டரால் திறந்துவிடுங்கள். முகக்கவசம் கட்டாயம்.

பூச்சுக்கு ஷெல்லாக் போதும் என்பேன். பலாவின் மஞ்சள் வெளிச்சம் படப்பட பழுப்பேறும், அதற்குச் சாயம் வேண்டாம்.

பிரிட்ஜுக்குப் புதிதாக அளக்கத் தேவையில்லை. கம்பி பின்பக்கமிருந்து வரும் கிதார் என்றால், அங்கே இருக்கும் பழைய துளைகள் வழியாகவே மேல்பலகையைத் துளையுங்கள். முன்பக்கம் ஒரு கழிவுக் கட்டையை அழுத்திப் பிடித்தால் மரம் பிய்யாது. பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் வயரின் துளையையும் அப்போதே திறந்துவிடுங்கள். அது விட்டுப்போனால் ஆம்ப்பைப் போட்டதும் இரைச்சல்தான் முதலில் கேட்கும்.